நான்கு முறை சாம்பியன், ஆறே சீசனில் ஆயுள் முடிந்தது: நியூயார்க் ஏரோஸ்

"நியூயார்க்கில் ஒரு கால்பந்து அணி தொடர்ந்து நான்கு முறை சாம்பியன் ஆனதாமே, அது பெலே ஆடிய காஸ்மோஸ் இல்லையாமே, அப்படியென்றால் எந்த அணி? இப்போது ஏன் அதன் பெயரே காதில் விழுவதில்லை?" என்பது கேள்வி. அந்த அணியின் பெயர் நியூயார்க் ஏரோஸ். 1978 முதல் 1984 வரை ஆறு சீசன் இருந்தது. திறந்த மைதானத்தில் ஒருநாளும் ஆடியதில்லை. கூரைக்குக் கீழே ஆடும் உள்ளரங்கக் கால்பந்து அணி அது. நான் பல வருடமாக ஆர்வத்தோடு படித்தும், கிடைத்த பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்தும் வரும் அணி என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ஆட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். இதை நம் ஊர் டர்ஃபில் ஆடுகிற ஃபைவ்ஸ் என்றோ, ஃபுட்சால் என்றோ நினைத்துவிட வேண்டாம். ஃபுட்சாலில் பந்து கோட்டைத் தாண்டினால் வெளியே. இங்கே கோடு என்பதே கிடையாது, சுவர்தான். ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கத்தில் பனித்தரைக்கு மேல் செயற்கைப் புல் விரிப்பை விரித்துவிடுவார்கள். 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் ஹாக்கிக்காக வைத்த பலகைச் சுவர், அதற்கு மேல் கண்ணாடி போன்ற தடுப்பு. கோல் கம்பமும் அந்தச் சுவருக்குள்ளேயே அமைந்திருக்கும். பலகையில் அடித்த பந்து திரும்பி வந்தால் ஆட்டம் தொடரும். கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர். 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். முரட்டுத்தனமாக ஆடினால் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். இதெல்லாம் ஹாக்கியிலிருந்து வந்தவை. பந்து மட்டும் வெள்ளையாக இல்லாமல் செம்மஞ்சளாக இருந்தது.

கேரம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குழிக்கு நேராகக் காயை அடிக்க வழியில்லாதபோது எதிர்ப்பக்கக் கட்டையில் தட்டித் திருப்பி விழ வைக்கிறோம் அல்லவா, அதே கணக்கை ஓடிக்கொண்டே போட வேண்டும். ஏரோஸின் கோல்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. நடுவில் பந்தை வைத்திருப்பவர் கோலை நோக்கி அடிக்க மாட்டார். கோல் கம்பத்துக்கு ஓரடி இரண்டடி தள்ளி, வெறும் பலகையைப் பார்த்து ஓங்கி அடிப்பார். முதல்முறை பார்க்கும்போது குறி தவறிவிட்டது என்றுதான் தோன்றும். கோல்கீப்பரும் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்திருப்பார். பந்து பலகையில் மோதித் திரும்பும் இடத்தில், டிஃபென்டரின் தோளுக்குப் பின்னால் ஒருவர் ஏற்கெனவே நிற்பார். காலை ஓங்க மாட்டார், வெறுமனே நீட்டுவார். பந்து உள்ளே போய்விடும். அந்த ஆள்தான் ஸ்டீவ் ஜுங்குல். அவரைப் பற்றிப் பேசாமல் ஏரோஸைப் பற்றிப் பேச முடியாது. அதற்கு முன் லீக் எப்படிப் பிறந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1974 பிப்ரவரி 11 அன்று பிலடெல்பியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கத்தில் ஒரு கண்காட்சி ஆட்டம் நடந்தது. அப்போதைய அமெரிக்க சாம்பியனான பிலடெல்பியா ஆட்டம்ஸ் ஒரு பக்கம், சோவியத் ராணுவ அணியான சிஎஸ்கேஏ மாஸ்கோ மறுபக்கம். ரஷ்யர்கள் 6-3 என்று ஜெயித்தார்கள். ஆனால் பேச்சாகிப்போனது கூட்டம்தான்: 11,790 பேர். கால்பந்து என்றால் முகம் திருப்பிக்கொள்ளும் ஊரில், குளிர்காலத்தில், ஒரு வேடிக்கை ஆட்டத்துக்கு அத்தனை பேர். அதிலிருந்து பிறந்த யோசனைதான், எட் டெப்பர், ஏர்ல் ஃபோர்மன் என்ற இருவரின் முயற்சியில் 1978-ல் ஆறு அணிகளோடு ஒரு தொழில்முறை லீக் ஆனது. அமெரிக்கர்கள் கோல் விழாத ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், சரி, கோல் மழை பொழியும் ஆட்டத்தைக் கொடுப்போம் என்பதுதான் கணக்கு.

லீகின் முதல் ஆட்டமே ஏரோஸின் ஆட்டம். 1978 டிசம்பர் 22, லாங் ஐலண்டில் யூனியன்டேல் என்ற இடத்தில் உள்ள நாசோ கொலிசியம் அரங்கம். எதிரணி சின்சினாட்டி கிட்ஸ். அந்த அணியில் பங்கு வைத்திருந்த பேஸ்பால் நட்சத்திரம் பீட் ரோஸ் வந்து முதல் பந்தை உதைத்தார். 10,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஏரோஸ் 7-2 என்று வென்றது.

இந்த அணி எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் நடந்த பலவற்றுக்கு விதை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், லாங் ஐலண்டிலிருந்து பல மணி நேரப் பயணத்தில் ரோசெஸ்டர் என்ற நகரம் இருக்கிறது. அங்கே லான்சர்ஸ் என்று ஒரு வெளிமைதான அணி. 1970-ல் தேசிய லீக் சாம்பியன். பின்னாளில் பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த அணிக்கும் ஏரோஸுக்கும் உரிமையாளர்கள் வழியில் தொடர்பு இருந்தது. எனவே கோடையில் ரோசெஸ்டரில் ஆடிய ஆட்களைக் கொண்டே குளிர்காலத்தில் லாங் ஐலண்டில் ஏரோஸை நிறுத்தினார்கள். பயிற்சியாளரும் அங்கிருந்தே வந்தார்: யூகோஸ்லாவியரான டான் போபோவிச். அதாவது முதல் நாளிலிருந்தே இது வேறொரு ஊரிலிருந்து கடன் வாங்கி வந்த அணி.

அந்தக் கூட்டத்தில் பிராங்கோ செகோட்டா என்று ஒரு பையன். யூகோஸ்லாவியாவில் ரியேக்கா நகரத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவன். ஏரோஸ் ஆடத் தொடங்கியபோது அவனுக்கு வயது 17. இடதுகாலில் இடி மாதிரி அடி. பின்னாளில் 1986 உலகக் கோப்பையில் கனடாவுக்காக ஆடியவன் இதே செகோட்டாதான். கோல்கீப்பர் ஷெப் மெஸ்ஸிங். ஹார்வர்டில் படித்தவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடியவர், பெலே இருந்த காஸ்மோஸ் அணி 1977-ல் சாம்பியன் ஆனபோது அதன் கோல்கீப்பர். அணியில் உள்ளூர் மக்களுக்குத் தெரிந்த முகம் என்றால் இவர்தான். உள்ளரங்கத்தில் கோல்கீப்பர் வேலை எவ்வளவு கொடுமையானது என்று நினைத்துப் பாருங்கள். பத்து கஜ தூரத்திலிருந்து அடி வந்துகொண்டே இருக்கும். விழுந்தால் கீழே இருப்பது புல் இல்லை, விரிப்பு, அதற்கடியில் பனி. முழங்கையும் தொடையும் சிராய்ந்து தோல் உரியும். அடுத்த ஆட்டம் இரண்டு நாளில்.

இப்போது ஜுங்குல். இயற்பெயர் ஸ்லாவிஷா ஜுங்குல், 1954-ல் பிறந்தவர். யூகோஸ்லாவியாவின் பெரிய அணிகளில் ஒன்றான ஹைடுக் ஸ்ப்லிட்டின் முன்வரிசை ஆட்டக்காரர். அந்த அணியோடு லீக் பட்டமும் கோப்பைகளும் வென்றவர், தேசிய அணிக்கும் ஆடியவர். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளுக்குப் போகக்கூடிய தகுதி இருந்தது. ஆனால் அந்நாட்டுச் சட்டம் குறுக்கே நின்றது. 28 வயது ஆகும்வரை வெளிநாட்டுக்கு மாற முடியாது. ராணுவ சேவை வேறு பாக்கி. 1978 கடைசியில், பாடகியான தன் தோழியோடு சில நாள் பயணம் என்று சொல்லிவிட்டு அமெரிக்கா வந்தவர் திரும்பிப் போகவில்லை. போபோவிச்சின் அணியில் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 24 வயது.

ஹைடுக் கிளப் விடவில்லை. அவரை விடுவிக்கும் சான்றிதழ் தர மறுத்தது. ஃபிஃபாவும் கிளப் பக்கம் நின்றது. விளைவு, உலகத்தில் ஃபிஃபாவின் கீழ் வரும் எந்த அணிக்கும் ஜுங்குல் ஆட முடியாது. அமெரிக்காவின் வெளிமைதான லீகிலும் முடியாது. ஃபிஃபாவுக்குக் கட்டுப்படாத ஒரே தொழில்முறை இடம் இந்த உள்ளரங்க லீக்தான். உதைத்தால் பந்து எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடிய ஓர் ஆட்டக்காரர், தன் கால்பந்து வாழ்க்கையின் உச்சமான வருடங்களைக் கூரைக்குக் கீழே, பலகைச் சுவர்களுக்குள் கழித்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். திறந்த வெளியில் அவர் என்னவாகியிருப்பார் என்ற கேள்வி அந்தக் காலத்து ரசிகர்களை விட்டதே இல்லை.

உள்ளே அவர் என்ன செய்தார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முதல் சீசனில் 18 ஆட்டத்தில் 43 கோல். இரண்டாவது சீசனில் 90. மூன்றாவது சீசனான 1980-81-ல் 40 ஆட்டத்தில் 108, ஆட்டத்துக்கு 2.7 கோல். அடுத்த சீசனில் 103. ஆட்டமே கோல் அதிகம் விழும் ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சுவர், அதே விதி, அதே கோல் கம்பம் மற்ற எல்லோருக்கும் இருந்தது; அவர் பக்கத்தில் யாரும் வரவில்லை. நான்கு வருடமும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். "உள்ளரங்கத்தின் அதிபதி" என்ற பட்டப்பெயர் அப்போது விழுந்தது.

பட்டங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1979-ல் பிலடெல்பியா ஃபீவரை இறுதித் தொடரில் 2-0 என்று வென்றார்கள். 1980-ல் வழக்கமான சீசனில் 32 ஆட்டத்தில் ஐந்தில் மட்டும் தோற்று, இறுதியில் ஹியூஸ்டன் சம்மிட்டை 7-4 என்று வீழ்த்தினார்கள். 1981-ல் செயின்ட் லூயிஸ் ஸ்டீமர்ஸை அவர்களுடைய ஊரிலேயே 6-5. 1982-ல் அதே ஸ்டீமர்ஸ், ஐந்தாவது ஆட்டம் வரை போய் 3-2. நான்கு சீசன், நான்கு கோப்பை. லீகே தொடங்கி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அதுவரை வேறு எந்த அணியும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

இந்த ஸ்டீமர்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செயின்ட் லூயிஸ் அமெரிக்காவில் கால்பந்து வேர்விட்ட பழைய ஊர்களில் ஒன்று. மாதா கோயில் பள்ளிகளிலும் பேட்டைகளிலும் தலைமுறையாகப் பையன்கள் ஆடிய இடம். டை கியோ, டான் ஈபர்ட் போன்ற உள்ளூர்ப் பையன்களை வைத்துத்தான் ஸ்டீமர்ஸ் அணியைக் கட்டினார்கள். ஆட்டத்துக்கு வருகிறவர் களத்தில் இருப்பவனை "நம்ம தெருப் பையன்" என்று சொல்லக்கூடிய அணி. 1981-82-ல் அங்கே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 17,000 பேருக்கு மேல் வந்தார்கள். தொடர்ந்து இரண்டு வருடம் அவர்களைத் தோற்கடித்த ஏரோஸுக்கு, உலகத்திலேயே இந்த ஆட்டத்தை மிகச் சிறப்பாக ஆடியவரை வைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தின் பக்கத்தில்கூட வர முடியவில்லை. 1981, 1982 இறுதிகளை அமெரிக்கப் பையன்களுக்கும் யூகோஸ்லாவியர்களுக்கும் நடக்கும் போட்டி என்றே பத்திரிகைகள் பார்த்தன. யூகோஸ்லாவியர்கள் ஜெயித்தார்கள். ஊர் யார் பக்கம் இருந்தது என்பது வேறு விஷயம்.

ஏரோஸ் மூடப்பட்டதற்குப் பலர் பலவிதமாகக் காரணம் சொல்வார்கள். சம்பளம் ஏறியது, நிர்வாகம் சரியில்லை, டிவி ஒப்பந்தம் இல்லை என்று. எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் இடம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெயரில் நியூயார்க் இருந்தது, ஆடியது புறநகரில். மன்ஹாட்டனிலிருந்து நாசோ கொலிசியத்துக்கு சப்வே கிடையாது. ரயிலில் வந்தால் ஸ்டேஷனில் இறங்கி மறுபடி பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். கார் வைத்திருக்கும் லாங் ஐலண்ட் குடும்பங்கள்தான் வரக்கூடிய கூட்டம். நகரத்துப் பத்திரிகைகளுக்கோ யாங்கீஸ், மெட்ஸ், நிக்ஸ், ரேஞ்சர்ஸ், ஜெட்ஸ், ஜயன்ட்ஸ் என்று மற்ற விளையாட்டுகளின் பெரிய அணிகளைப் பற்றி எழுத ஏராளம். ஏரோஸ் சாம்பியன் ஆன செய்திக்கு அந்தக் கூட்டத்தில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்?

இன்னொன்றும் உண்டு, என்னை மிகவும் பாதித்தது இதுதான். அதே நாசோ கொலிசியம் நியூயார்க் ஐலண்டர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்கும் வீடு. அந்த ஐலண்டர்ஸ் 1980, 81, 82, 83 என்று தொடர்ந்து நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வென்றார்கள். ஏரோஸ் 1979, 80, 81, 82. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே காலத்தில், இரண்டு அணிகள் ஆளுக்கு நான்கு முறை தொடர் சாம்பியன். ஒரே தரை, ஒரு நாள் விரிப்பைச் சுருட்டினால் ஹாக்கி, இன்னொரு நாள் விரித்தால் கால்பந்து. ஐலண்டர்ஸின் அந்த நான்கு வருடத்தை இன்றும் லாங் ஐலண்டில் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். மற்ற நான்கைத் தெரிந்தவர்கள் குறைவு.

1982-க்குப் பிறகு சரிவு வேகமாக வந்தது. கையில் பணமில்லை. 1983 தொடக்கத்தில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே ஜுங்குலை கலிஃபோர்னியாவின் கோல்டன் பே எர்த்குவேக்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். கோப்பைகள் நின்றன. போபோவிச்சும் போனார். 1983-84-ல் 48 ஆட்டத்தில் 28 தோல்வி. 1984 கோடையில் அணி மூடப்பட்டது.

கோல்டன் பேயில் ஜுங்குலுக்கு ஒரு வழி திறந்தது. வெளிமைதானத்தில் ஆடவும் ஒருவழியாக அனுமதி கிடைத்தது. சுவர் இல்லாத இடத்தில் இவர் என்ன செய்துவிடுவார் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1984-ல் வட அமெரிக்க வெளிமைதான லீகில் அதிக கோல் அடித்தவரும் அவரே, மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவரும் அவரே. வயது 30. இடையில் சில வருடம் புல்லையே மிதிக்காமல் இருந்த கால். ஆனால் அந்த லீக் அந்த சீசனோடு முடிந்துபோனது. மறுபடியும் கூரைக்குக் கீழே வந்து சான் டியேகோ சாக்கர்ஸ் அணிக்கு ஆடினார். மேலும் இரண்டு முறை உள்ளரங்க லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். மொத்தம் ஆறு. லீகில் அவர் அடித்த மொத்த கோல்கள் 652. செகோட்டாவும் பிற்பாடு அதே சான் டியேகோவில் கொடிகட்டிப் பறந்தார்.

நியூயார்க்கில் மீண்டும் முயன்று பார்த்தார்கள். ஏரோஸ் போன அதே வருடக் குளிர்காலத்தில் காஸ்மோஸ் உள்ளரங்க லீகுக்கு வந்தது. 1985 பிப்ரவரியில், சீசன் பாதியிலேயே விலகிக்கொண்டது. அப்புறம் 1986-ல் அதே நாசோ கொலிசியத்தில் நியூயார்க் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓர் அணி. பொதுமக்களுக்குப் பங்கு விற்றுப் பணம் திரட்டினார்கள். முன்னின்று நடத்தியவர்களில் ஷெப் மெஸ்ஸிங்கும் ஒருவர். ஏரோஸின் கோல் கம்பத்தில் நின்று நான்கு கோப்பை பார்த்த மனிதருக்கு அந்த இடத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது. மூன்று வெற்றி, 23 தோல்வி. 1987 பிப்ரவரியில் அதுவும் பாதி சீசனில் மூடப்பட்டது. லீக் 1992 வரை தாக்குப்பிடித்தது.

ஆக, கேள்விக்குப் பதில் இது: அணி ஏரோஸ்தான். ஆட்டத்தில் குறை எதுவும் இல்லை. மனிதர்கள் பல நாட்டிலிருந்து வந்தார்கள், அணி ரோசெஸ்டரிலிருந்து வந்தது, பெயர் நியூயார்க்குடையது, அரங்கம் ஹாக்கிக்காரர்களுடையது. தனக்கென்று ஒரு ஊர் மட்டும் அதற்கு அமையவில்லை.

அந்தக் காலத்துப் பதிவுகள் இணையத்தில் துண்டுதுண்டாகக் கிடைக்கின்றன. படம் மங்கலாக இருக்கும், செம்மஞ்சள் பந்து சில நேரம் விரிப்போடு கலந்து மறையும். பந்தைத் தேடாதீர்கள். கோலுக்குப் பக்கத்தில், டிஃபென்டருக்குப் பின்னால் ஒருவர் அவசரமில்லாமல் நிற்பார். அவரையே பார்த்துக்கொண்டிருங்கள், பந்து தானாக அங்கே வந்து சேரும். அமெரிக்காவின் தேசியக் கால்பந்துப் புகழ் மண்டபம் ஜுங்குலுக்கு இடம் கொடுத்தது 2023-ல்.